விவரணப் படமும் மாணவனும்: சில குறிப்புகள்

சினிமா பார்த்த அனுபவத்தைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. எடுத்த அனுபவத்தைப் பற்றியும், பெரும்பாலும் சுயபுராணமாக, எழுதியிருக்கிறார்கள். எடுக்கக் கற்றுக்கொண்ட அனுபவம், அதிலும் விவரணப் படம் எடுக்கக் கற்றுக்கொண்ட அனுபவம் என்று தேடினால், பொருட்படுத்தத் தக்கதாக எனக்குக் கிடைப்பது ஏ. கே. செட்டியார் ஒருவர்தான். அவரும் தாம் கற்றதைச் சொல்ல வேண்டுமென்று உட்கார்ந்து எழுதியவரல்லர். காந்தி படம் எடுக்க அலைந்த கதையைக் 'குமரி மலரி'ல் எழுதினார். பின்னால் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று அது புத்தகமாயிற்று. பயண இலக்கியம் என்ற அலமாரியில் அதை வைத்துவிட்டு நம்மவர்கள் நிம்மதியடைந்துவிட்டார்கள். அது ஒரு மாணவனின் புத்தகம் என்பது என் கட்சி.

விவரம் தெரிந்ததுதான். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோக் கலை பயின்ற இளைஞர். 1937 அக்டோபர் 2ந் தேதி கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போது காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்குப் பிறகு உலகத்தில் ஒரு லட்சம் மைல். முப்பதாண்டுகளில் சுமார் நூறு காமிராக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் பிடித்துவைத்திருந்த துண்டுகளில் 50,000 அடி சேர்கிறது. அதிலிருந்து 12,000 அடிப் படம். 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியாயிற்று. பாரிஸில் பயின்று வந்த பி. வி. பதி போன்ற தேர்ந்த காமிராக்காரர் துணை இருந்தது. படத்தின் பெரும்பகுதி மட்டும் பிறர் கண்ணால் பார்த்தது. காமிராவைக் கையாளப் படித்தவர் தம் வாழ்வின் பெரிய வேலையைக் கடிதம் எழுதியும், நூல்நிலையங்களிலும் கம்பெனி வாசல்களிலும் காத்திருந்தும் செய்தார். புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. ஷாட், கோணம், ஒளி என்று பேச்சே இல்லை. யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறது, அதை யார் எடுத்தது, தருவாரா மாட்டாரா, என்ன விலை. இதைப் படிக்கும் சினிமா ரசிகனுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் இருந்தது. இது தொழில் கற்ற கதைதான் என்று பிடிபடுவதற்கு நான் இடையில் வேறொரு பள்ளிக்கூடம் போய்வர வேண்டியிருந்தது.

அதற்குமுன் ஒரு வார்த்தை விஷயம். டாக்குமெண்டரி என்பதை முன்பெல்லாம் விவரணப் படம் என்றோம். இப்போது ஆவணப் படம் என்கிறோம். இரண்டும் பாவனையற்ற வார்த்தைகளல்ல. விவரணம் என்றதும், விவரித்தால்தான் ஆயிற்று என்று ஒரு குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆவணம் என்றதும் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசனை வந்துவிட்டது. கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும், பத்திரம் செல்லும் என்கிற நினைப்பு. 1926ல் ஃப்ளாஹர்டியின் 'மோனா'வைப் பற்றி எழுதும்போது கிரியர்ஸன் அந்த ஆங்கில வார்த்தையைப் போகிற போக்கில் உபயோகித்தார். நாம் அதைத் தமிழாக்கியதில் ஒரு கோட்பாட்டையே உண்டாக்கிக்கொண்டோம். நான் பழைய வார்த்தையையே வைத்துக்கொள்கிறேன். அதன் குறை கண்ணுக்குத் தெரிகிற குறை.

அந்தக் குரலை என் தலைமுறை ஈரோட்டுத் தியேட்டர்களில் கேட்டு வளர்ந்தது. 1948ல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்தவற்றை மெயின் படத்துக்குமுன் ஓட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம். அணை, உரம், குடும்பக் கட்டுப்பாடு. எதைக் காட்டினாலும் ஒரே உற்சாகத்துடன், யாருடைய ஊர்த் தமிழும் அல்லாத ஒரு தமிழில், ஒரு குரல் நமக்கு எல்லாவற்றையும் எடுத்துச்சொல்லும். ஜனங்கள் வெளியில் நின்று பீடியை முடித்துக்கொண்டு உள்ளே வர அந்தப் பத்து நிமிஷம் சௌகரியமாக இருந்தது. அந்த ஸ்தாபனத்துக்குள்ளேயே இதற்கு மாற்று இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1967ல் எஸ். என். எஸ். சாஸ்திரி 'ஐ ஆம் ட்வென்டி' எடுத்தார். சுதந்திரத்தோடு பிறந்த இருபது வயதுக்காரர்கள் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள். தேசத்தைப் பற்றி அவர்கள் சொல்வது எல்லாமே சர்க்காருக்கு இனிப்பதாகவும் இல்லை. ஆனால் எங்களூர்க் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது அணையும் உரமும்தான். பிலிம்ஸ் டிவிஷன் இன்று தனி ஸ்தாபனமாக இல்லை. தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். குரல் மட்டும் உயிரோடிருக்கிறது.

1998ல் ஈரோட்டில் பத்து நாள் விவரணப் படப் பயிற்சி ஒன்று நடந்தது. நடத்தியது ஒரு தொண்டு ஸ்தாபனம். மாணவர்கள் ஆறு பேர், நான் உட்பட. காமிரா, கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிற ஒருவரிடம் வாடகைக்கு வாங்கிய விஎச்எஸ். கண்ணைக் கூசவைக்கும் அந்த லைட்டும் கூடவே வந்தது. ஆசிரியர் வெளியூர்க்காரர், நிறையப் படித்தவர். முதல் நாளே கரும்பலகையில் 'விஷயம்' என்று எழுதி அடியில் கோடு போட்டார். விஷயம் என்ன, அது யாருக்குப் போய்ச்சேர வேண்டும், கேட்டவன் என்ன செய்ய வேண்டும்? இவற்றை ஒரு தாளில் எழுதாமல் யாரும் காமிராவைத் தொடக்கூடாது. பார்ப்பதற்கு முன்பே முடிவு தயாராகிவிடுகிற இந்த முறைதான் இன்றும் பெரும்பாலான பயிற்சிகளில் நடக்கிறது என்று பிற்பாடு பலர் சொல்லக் கேட்டேன்.

எங்கள் விஷயம் காலிங்கராயன் வாய்க்கால். பவானியில் அணை கட்டி, கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறை வரை 56 மைல், பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலை. நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும். பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழிகாட்டிற்று, அந்தத் தடத்தில் வெட்டினார்கள் என்பது ஊர்ப் பேச்சு. வாட்டம் பார்த்துத் தண்ணீரைக் கொண்டுபோன ஒரு தொழில்நுட்பத்தை ஜனங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அது. ஆசிரியருக்குப் பாம்பு வேண்டாம், மூடநம்பிக்கை. அவருக்கு வேண்டியது சாயம். அதில் நியாயம் உண்டு. பெரிய அக்ரகாரத்துத் தோல் ஷாப்புகளும் கரையோரத்துச் சாயப் பட்டறைகளும் கழிவை அந்த வாய்க்காலில்தான் விட்டுக்கொண்டிருந்தன. பின்னால் அதை ஒட்டியே கழிவுக்கென்று 'பேபி வாய்க்கால்' கட்டுகிற அளவுக்கு விவகாரம் முற்றியது.

நாங்கள் போன மூன்று நாளும் தண்ணீர் சுமாராகத் தெளிந்தே ஓடிற்று. பட்டறைகள் ராத்திரியில் திறந்துவிடும், விடிவதற்குள் போய்விடும். வாடகைக் காமிராவுக்கு ராத்திரியில் கண் தெரியாது. அந்தக் கல்யாண லைட்டைப் பிடித்துக்கொண்டு பட்டறைப் பின்புறம் போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். நாலாம் நாள் ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். கடையில் சாயப் பொடி வாங்கி ஒரு மதகுக்கு மேலே கரைத்துவிடலாம். நடக்காததையா காட்டுகிறோம்? தினம் நடப்பதைத்தானே? ஃப்ளாஹர்டியைச் சாட்சிக்கு அழைத்தார். 'நானூக் ஆஃப் த நார்த்'தில் (1922) பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாதென்று பாதி வீட்டைத் திறந்தே கட்டச்சொல்லி எடுக்கவில்லையா? 'மேன் ஆஃப் ஆரனி'ல் (1934) அந்தத் தீவார் என்றோ விட்டுவிட்ட சுறா வேட்டையை மறுபடி பழக்கி எடுக்கவில்லையா? நான் வேண்டாமென்றேன். இன்னொரு பெண்ணும் வேண்டாமென்றாள். நாலுக்கு இரண்டு. சாயம் கரைக்கப்பட்டது. பார்க்க மிக அழகாக இருந்தது.

அன்று ராத்திரி, எங்களுக்கு மதகு திறந்து காட்டிய பொதுப்பணித்துறை லஸ்கர் வீட்டில், அவர்கள் டிவியிலேயே வைத்து எடுத்தவரை போட்டுப்பார்த்தோம். அவர் பேரன் கேட்டான் என்பதற்காகத்தான், பாடத்திட்டத்தில் இல்லை. தன் முகம் வந்தபோது பெரியவர் சிரிக்கவில்லை. சாயம் வந்தபோது மட்டும் குனிந்து பார்த்தார்.

"இது நம்ம பட்டறைத் தண்ணி இல்லீங்களே. அது கறுப்பா, நொரையோட வருமுங்க. எல்லாச் சாயமும் கலந்துக்குமல்லங்க. இது மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல அடிக்கற சேப்பாட்ட இருக்குது."

யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்.

"மதகத் தொறக்கறதத்தான் புடிச்சிருக்கறீங்க. தொறக்கறதுல என்னங்க இருக்குது, அது ஆர்டர் வந்தா தொறக்கறது. சாத்தறதுதாங்க வேல. கடைமடைக்காரன் வந்து நிப்பான், இன்னொரு அரைமணி நேரம் உடு சாமின்னு."

இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை அந்தப் பத்து நாளில் நான் கேட்கவில்லை. முதல் வாக்கியத்தில் படம் பொய் என்றார். அடுத்ததில், பொய்யில்லாத பகுதியும் பார்க்கத் தெரியாமல் எடுத்தது என்றார். திறப்பது கண்ணுக்கு விருந்து: தண்ணீர் பீறிடும், சத்தம் வரும். சாத்துவதில் ஒன்றும் தெரியாது. இரண்டு ஆட்கள் நின்று மெல்லப் பேசிக்கொண்டிருப்பார்கள். வாய்க்காலின் ஏழு நூற்றாண்டு அரசியல் அங்கேதான் நடக்கிறது. 'விஷயம்' எழுதிய தாளில் அதற்கு இடமில்லை, ஏனென்றால் எழுதியவருக்கு அது இருப்பதே தெரியாது.

ஃப்ளாஹர்டியைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்வதில்லை. அவர் பனிப் பிரதேசத்திலேயே பிலிமைக் கழுவி, எடுத்ததை அந்த மக்களுக்கே போட்டுக்காட்டினார். வால்ரஸ் வேட்டையைத் திரையில் பார்த்து அவர்கள் கூச்சலிட்டார்கள். பிறகு அடுத்த காட்சிக்கு அவர்களே யோசனை சொன்னார்கள். பாதி வீடு அவர்கள் அறிந்து, அவர்கள் கையால் கட்டிய பாதி வீடு. ஆரன் தீவுப் படத்துக்கு இந்தச் சமாதானம் முழுதும் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். அங்கே ஒரு ஜனக்கூட்டத்தின் இறந்தகாலத்தை நிகழ்காலமாக விற்றுவிட்டார். என்றாலும் வித்தியாசம் தெளிவு. மீண்டும் செய்யச்சொல்வது பொய்யாகிறதா இல்லையா என்பதை எடுப்பவன் தனியே தீர்மானிக்க முடியாது. அந்தக் காரியத்தைக் கையால் செய்கிறவன் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்களூரில் அது ஒரு லஸ்கர்.

அதற்குப் பிறகுதான் செட்டியாரை மறுபடி படித்தேன். மனிதர் ஏன் இவ்வளவு பக்கம் கடிதங்களைப் பற்றியே எழுதுகிறார் என்று புரிந்தது. தாம் பார்க்காததைப் பார்த்ததுபோல் காட்டும் ஆசை அவரிடம் இல்லை. காந்தியின் முந்திய வாழ்க்கைக்கு வேஷக்காரரை வைத்து எடுத்திருக்கலாம். அன்று ஸ்டூடியோக்காரர்கள் சந்தோஷமாகச் செய்துகொடுத்திருப்பார்கள். அவர் அதற்குப் பதிலாக ஒரு லட்சம் மைல் போனார். இந்தத் துண்டை இன்னார் எடுத்தார் என்று தெரிந்துகொள்வதுதான் அவருடைய அழகியல். அதற்கு ஒரு எல்லையும் உண்டு. எடுத்தவர்கள் எதை எடுத்தார்களோ அதுதான் கிடைக்கும். அவர்கள் எல்லாரும் எடுத்தது, அநேகமாக, மதகு திறப்பதை. காந்தி வருகிறார், இறங்குகிறார், நடக்கிறார், கும்பிடுகிறார். சாத்துகிற வேளைகளில் காமிரா இருந்திராது. இந்தக் குறையைப் பற்றிச் செட்டியார் எங்கேயாவது யோசித்திருந்தால் புத்தகம் வேறு தளத்துக்குப் போயிருக்கும். தம்மை மறைத்துக்கொள்ளும் அவருடைய பண்பு இந்த ஓரிடத்தில் அவருக்குத் துரோகம் செய்கிறது. வழியெல்லாம் யார் யார் உதவினார்கள் என்று தெரிகிறது. தொகுப்பு மேஜையில் என்ன நினைத்தார் என்பது தெரிவதில்லை. 1953ல் ஹாலிவுட்டில் வெளியான ஆங்கில வடிவத்தை வைத்து மூலத் தமிழ்ப் படத்தை ஊகிக்க முயல்வது, கோனார் நோட்ஸை வைத்துக் கம்பனை ஊகிப்பதுதான்.

அவர் வழியில் வந்ததென்று நான் கருதுவது ஆர். ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்'. 1999 ஜூலை 23ந் தேதி திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அந்தப் படத்தின் பலம், அன்று ஆற்றோரத்தில் பதிவான காட்சிகள். கோணம் சரியில்லை, படம் ஆடுகிறது, யாரோ குறுக்கே ஓடுகிறார்கள். ஒருவர் சாயம் கரைக்க வேண்டியிருக்கவில்லை. பொம்பாய் பாணிக் கலைஞர்கள் அதன் தொழில்நுட்பத்தைக் குறைசொன்னால் சொல்லட்டும்.

எங்கள் படம் பதினொரு நிமிஷம். வீரப்பன்சத்திரத்தில் விசைத்தறிச் சத்தத்தோடு எடுத்த ஒரு பகுதி உண்டு. காது அடைத்துப்போகிற அந்தச் சத்தம்தான் ஈரோட்டின் நிஜமான பின்னணி இசை. கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்யுமிடத்தில் அதை அழித்துவிட்டுப் புல்லாங்குழல் போட்டார்கள். இருதய வடிவத்தில் காட்சி மாறுகிற வசதியை உபயோகிக்காமல் தடுத்தது ஒன்றுதான் எங்களால் முடிந்தது. நிறைவு விழாவில் சாயக் காட்சிக்குக் கைதட்டல் கிடைத்தது. குரல் கொடுத்தவர் கோவை வானொலியில் பேசிப் பழகியவர். காலிங்கராயனை 'மாமன்னன்' என்று உச்சரித்த விதத்தை எல்லாரும் பாராட்டினார்கள். அவன் மன்னனே அல்ல, பாண்டியரின் கீழ் அதிகாரி.

இன்று ஈரோட்டில் அந்த வயதுப் பையன்கள் கையில் இருக்கும் போன், ராத்திரியிலும் பார்க்கும். பட்டறைப் பின்புறத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவரும் துணிச்சலும் சிலருக்கு இருக்கிறது. இரண்டு பேர் காட்டினார்கள். ஒன்றில் கறுப்புத் தண்ணீர் நுரையோடு போகிறது. மேலே புல்லாங்குழல் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒருமுறை போடச் சொன்னேன். தண்ணீர் விழும் சத்தமும் பின்னால் ஒரு மோட்டார் சத்தமும் கேட்டன. அப்புறம் எடுத்தவனே மெதுவாக, கூட வந்தவனிடம், "போலாமா?" என்று கேட்பதும் கேட்டது.