எந்த ஒப்பந்தத்தைச் சொல்றீங்க?

பாதுகாப்புத் துறையின் ஐடெக்ஸ் திட்டத்தில் 350வது ஒப்பந்தம் 2024 ஜூனில் கையெழுத்தானது. பிக்ஸல் குழும நிறுவனத்தோடு, ஒரு சிறிய செயற்கைக்கோளுக்கு. சந்தோஷம்தான். ஆனா 'ஒப்பந்தம்' என்ற சொல் இங்கே கொஞ்சம் ஏமாற்றுது. இது கொள்முதல் ஆர்டர் இல்லை. மாதிரியைச் செய்து காட்டு, கட்டம் கட்டமா மானியம் தர்றேன் என்ற ஏற்பாடு. ஸ்டார்ட்அப்பும் தன் பங்குப் பணத்தைப் போடணும்.

2018 ஏப்ரலில், சென்னைக்குப் பக்கத்துல திருவிடந்தை ராணுவக் கண்காட்சியில் தொடங்கியபோது மானிய உச்சவரம்பு 1.5 கோடி. பிறகு ப்ரைமில் 10 கோடி, அதிதியில் 25 கோடி. சரி, மாதிரி தேறிய பிறகு யார் வாங்குவாங்க?

அமெரிக்கா 1982லேயே சிறு நிறுவனங்களுக்கு இப்படி ஒரு சட்டம் போட்டது. மூன்றாம் கட்டத்தில் திட்டப் பணம் கிடையாது. வாங்கும் துறையே தன் பட்ஜெட்டில் இருந்து தரணும், மறுபடி போட்டி டெண்டர் தேவையில்லை. அப்படியிருந்தும் அங்கே பலர் இரண்டாம் கட்டத்தோட நின்னுடறாங்க. நம்ம 2020 கொள்முதல் நடைமுறையிலும் ஐடெக்ஸுக்குத் தனிவழி உண்டு. வழி இருக்கிறது வேற, பட்ஜெட்ல பணம் ஒதுக்கியிருக்கிறது வேற.

(பழைய வேலையில் ஒரு வாடிக்கையாளர் எங்க பைலட்டைப் பாராட்டிட்டு, ஆர்டர் அடுத்த நிதியாண்டுன்னு சொன்னார். டீம் அதுக்குள்ள கலைஞ்சாச்சு.)

அந்த 350ல் எத்தனை, எத்தனை மாதத்தில் ஆர்டரா மாறிச்சு? தலைப்புச் செய்தியில் நான் தேடுறது அந்த எண்ணைத்தான்.