தேர்வு உண்டு, வகுப்பு இல்லை

அகதிகளுக்கும் புலம்பெயர்ந்தோருக்கும் ஆங்கிலம் கற்பிப்பது பற்றிப் பேச்செடுத்தால் நம் வட்டத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. போன இடத்து பாஷையைக் கத்துக்காம எப்படிப் பிழைக்கிறது என்பது ஒன்று, குடும்பஸ்தப் பதில். ஆங்கிலம் ஏகாதிபத்தியத்தின் மொழி, அந்த வகுப்பறை மற்றமையை விழுங்கிச் செரிக்கும் இயந்திரம் என்பது மற்றது, கோட்பாட்டுப் பதில். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் என் நண்பர்கள். ஆகவே சண்டை அவர்களோடுதான்.

இயந்திரம் என்றால் முதலில் அது ஓட வேண்டும். இங்கிலாந்தில் வயதுவந்தோருக்கான ஆங்கில வகுப்புகளுக்கு (ஈசால் என்று அங்கே பெயர்) 2009-10இல் அரசு ஒதுக்கிய பணம் சுமார் 20 கோடியே 30 லட்சம் பவுண்டு. 2015-16இல் 9 கோடி. அதற்கு முன்பே, 2007இல், எல்லோருக்கும் இலவசம் என்ற நிலை எடுக்கப்பட்டுவிட்டது. 2011இல் இன்னும் வெட்டப்போகிறார்கள் என்றதும் தெருவில் இறங்கியவர்களில் ஆசிரியர்களோடு மாணவர்களும் இருந்தார்கள். விழுங்கப்படுகிறவர்களே வாயைத் திறந்து வை என்று கோஷம் போட்டார்களா? இந்த இடத்தில் நமது கோட்பாடு கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும்.

பணம் வற்றிய அந்தக் காலத்திலேயே தேர்வுகள் பெருகின. 2005 நவம்பரில் குடியுரிமைக்கு ‘பிரிட்டனில் வாழ்க்கை’ என்றொரு பரீட்சை. 2010 நவம்பரில், கணவனிடமோ மனைவியிடமோ போய்ச்சேர விசா கேட்பவர் புறப்படும் முன்பே ஆங்கிலத் தேர்வு. 2013 அக்டோபரிலிருந்து குடியுரிமை கேட்டாலும் நிரந்தரமாகத் தங்கக் கேட்டாலும் பேச்சுத் தேர்வும் வாழ்க்கைப் பரீட்சையும் சேர்ந்தே. 2025 மே மாத வெள்ளை அறிக்கை இந்தப் படிகளை இன்னும் உயர்த்தச் சொன்னது. அதாவது அதிகாரம் இங்கே மொழியைக் கொடுக்கவில்லை, கேட்கிறது. கற்பிப்பதற்குச் செலவாகும். பரீட்சை வைத்தால் கட்டணம் வரும்.

2011 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆங்கிலம் சரியாகவோ சுத்தமாகவோ பேசவராதவர்கள் சுமார் 8,63,000 பேர், பெண்களே அதிகம். 2016 ஜனவரியில் பிரதமர் கேமரன் இவர்களிலிருந்து முஸ்லிம் பெண்களைத் தனியே பிரித்தெடுத்தார். 2 கோடி பவுண்டு தருகிறேன், கற்றுக்கொள்ளாவிட்டால் தங்குவதற்கு உத்தரவாதமில்லை என்றார். மொழியின்மையைத் தீவிரவாதத்தோடும் முடிச்சுப் போட்டார். அந்த வகுப்புகளை வெட்டிய ஆட்சிக்குத் தலைவர் அவரேதான் என்பதைப் பேச்சில் தேட வேண்டாம். கிடைக்காது. கற்க இடமில்லாதவர் இந்தச் சொல்லாடலில் கற்க மனமில்லாதவராகி, பிறகு சந்தேகத்துக்குரியவராகிவிடுகிறார். இந்த மூன்று படிகளையும் ஏறிக் கடக்க ஒரு மேடைப்பேச்சு போதும்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இந்தத் தர்க்கம் புதிதில்லை. 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அரசுப் பணியிலிருந்த தமிழர்கள் சிங்களத் தேர்ச்சி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊதிய உயர்வு நிற்கும் என்றானது. மொழி கற்பது அங்கே பாடமாக வரவில்லை, வேலியாக வந்தது. 1983க்குப் பிறகு லண்டனுக்கு ஓடிய ஈழத்தமிழர்களில் வயதில் மூத்தவர்கள் வாழ்நாளில் இரண்டாவது தடவையாக ஓர் அரசின் மொழித் தேர்வைச் சந்தித்தார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். முதலாவது சொந்த நாட்டிலேயே அந்நியமாக்கியது. இரண்டாவது, அந்நியர்தான் என்று தெரிந்தே வாசலில் நிற்பவரிடம் வைக்கப்படுவது. ஆனால் பரீட்சைத் தாளுக்கு முன்னால் உட்காரும்போது உடம்பு இந்த வித்தியாசத்தைப் பார்க்குமா?

நண்பர்களின் வாதத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசில்லை. மொழியைக் கற்கும் பாரம் முழுவதும் வந்தவர் தலையிலேயே ஏற்றப்படுகிறது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. எழுபதுகளில் பிரிட்டனின் ஒரு விமான நிலையத்து ஊழியர் உணவகம். புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் பரிமாறுகிறார்கள். மரியாதை தெரியாதவர்கள் என்று அவர்கள்மேல் புகார். மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் ஒலிப்பதிவு செய்து கேட்டார். தட்டில் இறைச்சி விழுந்ததும் ‘கிரேவி’ என்கிறார்கள். ஆங்கிலேயப் பெண்ணும் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் சொல்வாள், ஆனால் குரலைக் கடைசியில் ஏற்றுவாள். இவர்கள் இறக்கினார்கள். ஏற்றினால் அது உபசாரம். இறக்கினால், இதான் கிரேவி, வேணும்னா தின்னு. பதிவைப் போட்டுக் கேட்டபோது வகுப்பில் அந்தப் பெண்களோடு மேற்பார்வையாளரும் இருந்தார். தங்களை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று நினைத்திருந்த பெண்களுக்குக் காரணம் பிடிபட்டது, மேற்பார்வையாளருக்கும் பிடிபட்டது.

இது ஏதோ ஓர் ஆய்வாளரின் தனிச் சாதுரியம் அல்ல. 1974இல் சவுத்தாலில் தொழிலிட மொழிப் பயிற்சிக்கான தேசிய மையம் அமைந்தது. அது வகுப்பை ஆலைக்குள் கொண்டுபோனது. தொழிலாளியோடு மேலாளரையும் கற்க வைத்தது. எண்பதுகளின் முடிவில் அதற்கான அரசுப் பணம் நின்றது. அதற்குப் பிறகு, கேட்கத் தெரியாத காதுகளுக்கு யாரும் பரீட்சை வைத்ததாகத் தெரியவில்லை.

மற்றபடி ‘அணுகுதல்’ என்று அறிக்கைகளில் சொல்லப்படுவதெல்லாம் சில்லறைச் சமாச்சாரம்: பேருந்துக் கட்டணம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இரவுப்பணி முடிந்து தூங்கும் நேரத்தில் வைக்கப்படும் வகுப்பு. தாய்மொழியிலேயே எழுத்தறியாத ஒருத்தியையும் பட்டதாரி ஒருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் இரண்டு மாதத்தில் யார் நின்றுபோவார் என்று சொல்லத் தேவையில்லை. புகலிடம் கோரியவருக்கு வேலை செய்யப் பொதுவாக அனுமதி இல்லை. 2010களின் விதிப்படி, முடிவு வராமல் ஆறு மாதம் கழிந்தால்தான் அரசு உதவியோடு வகுப்பு. கையில் வேறெதுவும் இல்லாமல் நேரம் மட்டுமே இருந்த மாதங்கள் அவை. ஸ்காட்லாந்து 2013இல் வகுத்த கொள்கையோ வந்திறங்கிய நாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்றது. அதே தீவுதான்.

வகுப்புக்குப் போக முடியாத தாய்க்கு வீட்டிலேயே மொழிபெயர்ப்பாளர் வாய்த்துவிடுகிறார்: மகன், பத்து வயசு. மருத்துவரிடம் அம்மாவின் மாதவிலக்குப் பிரச்சினையை அவன் சொல்ல வேண்டும். வீட்டுக்காரனிடம் வாடகை பாக்கிக்குத் தவணை கேட்க வேண்டும். குடும்பத்துக்குள் அதிகாரம் கைமாறும் இந்த இடம் நம் புகலிட எழுத்தில், நான் படித்த அளவில், மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ பிரெஞ்சு அதிகாரிகளுக்கான அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. அந்த வடிவத்தின் அரசியலைப் பற்றி நாம் நிறையவே பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் தன் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமல் கையெழுத்திடும் பெண்ணுக்கு, அந்நிய மொழியின் வன்முறை எதிரே வந்து நிற்கும் உருவமே அந்தக் காகிதம்தான். வகுப்பறையை மறுத்தால் வன்முறை போய்விடுவதில்லை, அதை வாசிக்கும் வழிதான் போகிறது. ஆங்கிலத்தில் ஃபூக்கோவைப் படித்துவிட்டு அவளுக்கு ஆங்கிலம் வேண்டாமென்று நாம் தீர்மானிப்பதை என்ன பெயரிட்டு அழைப்பது?

மறுப்பு எழுதும் நண்பர்கள் பேருந்துக் கட்டணத்திலிருந்து தொடங்கலாம். ஏகாதிபத்தியத்துக்கு அப்புறம் வருவோம்.