முனைவனும் முன்னோரும்

இன்று முனைவர் என்பது பல்கலைக்கழகம் தரும் பட்டம். தொல்காப்பிய மரபியல் காட்டும் முனைவனோ வினையின் நீங்கி அறிவு விளங்கப் பெற்றவன். அவன் கண்டதே முதல்நூல். ‘முன்’ என்னும் அடியில் கிளைத்த சொல் இது. முன்னவன், முன்னோர், முந்துநூல் எல்லாம் அந்த அடிக்கு உரியவையே.

குருதிவழி முன்னோருக்கு மூதாதையர், தென்புலத்தார் என்ற சொற்கள் தனியே உண்டு. இலக்கணிகளின் முன்னோர், முன்னே நூல் செய்தவர்கள். தொல்காப்பியர் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ என்று அவர்களை ஓயாமல் சுட்டுகிறார். பெயர் மட்டும் சொல்வதில்லை. அந்த இடத்தில் அகத்தியரை அமர்த்தியவர்கள் பின்வந்தோர். அகத்தியமே முதல்நூல், தொல்காப்பியம் அதன் வழிநூல் என்று தொல்காப்பிய உரைகாரர் பேராசிரியர் உறுதியாக வாதிட்டார். முழுதாக நம் கைக்கு எட்டாத ஒரு நூலுக்காக அத்தனை பிடிவாதம்!

மரபியல் முதல், வழி என இரண்டே வகை கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சார்பு என்ற மூன்றாவதையும் சேர்த்தார். முன்னோர் மொழியைப் பொன்னாகப் போற்றச் சொன்னவரும், பழையது கழிந்து புதியது புகுவது வழுவாகாது என்றவரும் அவரே. முரண் என்பார் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. போற்றத் தெரியாதவன் எதைக் கழிப்பது என்று எப்படி அறிவான்?

உரைமரபில் இந்தப் போற்றலும் கழித்தலும் இன்னும் தெளிவு. தொல்காப்பியத்துக்கு முதலில் உரைகண்ட இளம்பூரணருக்கு ‘உரையாசிரியர்’ என்றே பெயர் நிலைத்தது. சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் அந்தப் பட்டத்தால் அவரைச் சுட்டிக்கொண்டே, அவர் கொள்கை பொருந்தாது என்று மறுக்கிறார். நச்சினார்க்கினியரும் முன்னவர்களை விட்டுவைக்கவில்லை. மறுப்பவன் எதிர்த்தரப்பை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் மேற்கோள் உண்டு, இந்த மல்லுக்கட்டு இல்லை.

18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தைக் கண்டித்துச் ‘சூறாவளி’ என்றே பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் செய்த உரையை மட்டும் அவர் தள்ளிவிடவில்லை. உடனிருந்து திருத்துபவர்போல் கூட்டியும் குறைத்தும் செப்பம் செய்தார். அந்த விருத்தியுரைக்குப் புத்தம்புத்துரை என்று பெயர்.