அக்கரையில் பிறந்த குரல்

தூத்துக்குடிப் பக்கத்துத் தருவைகுளம் கரையில் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தூத்துக்குடித் தோணிகள் சரக்கேற்றிப் போய்வந்த கொழும்பு இவர்களுக்கு அந்நிய ஊரில்லை. ஆனால் அந்தத் தீவில் 1942-இல் பிறந்து, ஜாஸ் உலகின் மிகக் கடினமான பாட்டுப் பொறுப்பு ஒன்றை ஏற்ற யோலண்ட் பாவன் என்ற பெண்ணின் பெயர் அக்கரையிலும் இக்கரையிலும் அபூர்வமாகத்தான் காதில் விழுகிறது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்கு மறு வருஷம், லாம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ், ராஸ் என்ற புகழ்பெற்ற ஜாஸ் பாடகர் மூவர் குழுவிலிருந்து ஆனி ராஸ் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் பாவன். அதற்குள் அவர் ஜாஸ் கலைஞர்களான கிரேம் பெல்லின் குழுவோடு ஆஸ்திரேலியாவிலும் ஆசியாவிலும், ஹம்ஃப்ரி லிட்டில்டனோடு ஐரோப்பாவிலும் பாடி முடித்திருந்தார். வயது இருபது!

அந்தக் குழு பாடிய முறைக்கு வோக்கலீஸ் என்று பெயர். பதவர்ணத்திலும் ஸ்வரஜதியிலும் ஸ்வரத்தைப் பாடிவிட்டு அதே ஸ்வரத்துக்குரிய சாகித்யத்தைப் பாடுகிறோமே, ஏறக்குறைய அப்படி. ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே சாகித்யம் ஏறுவது, ஒரு டிரம்பெட்காரரோ சாக்ஸஃபோன்காரரோ அந்த நிமிஷத்தில் கற்பனையாக வாசித்துவிட்டுப் போனதன்மீது. மனிதத் தொண்டையை நினைத்து எவரும் அமைத்த மெட்டல்ல அது. கருவி தாவும் இடமெல்லாம் குரலும் தாவ வேண்டும். ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஓர் அசை உட்கார வேண்டும். 1957-இல் பதிவான குழுவின் முதல் இசைத்தட்டில் மூன்றே பேர் தங்கள் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து கவுண்ட் பேஸியின் ஜாஸ் வாத்தியக் குழுவின் ஊதுகருவிப் பகுதிகள் முழுவதையும் பாடிக்காட்டினார்கள். அதில் உச்சியில் பறக்கும் டிரம்பெட் பகுதிகள் ராஸுடையவை. பாவன் தலையில் இறங்கிய பாரம் அதுதான்.

அவர் அதைச் சுமந்தது ஒலிப்பதிவுக்கூடத்தின் பாதுகாப்பில்கூட அல்ல. ஆர்.சி.ஏ. விக்டர் வெளியிட்ட மூன்று இசைத்தட்டுகளும் நேரடிக் கச்சேரிகள். 1963 நியூபோர்ட் ஜாஸ் விழாப் பதிவில் டிரம்பெட்காரர் கிளார்க் டெரியும் சாக்ஸஃபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸும் பக்கத்தில் நிற்கிறார்கள். அங்கே பாவன் ராஸைப் போலப் பாட முயலவில்லை; அவர் குரலுக்கென்று ஒரு விளிம்பு இருக்கிறது. என் காதுக்கு அதுவே அந்தப் பதிவுகளின் உயிர். இருந்தும் 1964-இல் குழு முடிந்த பிறகு, ‘ராஸுக்குப் பதிலாக வந்தவர்’ என்ற ஒற்றை வரியே அவர்மேல் ஒட்டிக்கொண்டது. 1972-இல் வெதர் ரிப்போர்ட் குழுவின் இசைத்தட்டில் அவர் குரல் ஒலிப்பதைக் கவனித்தவர்களும் குறைவு.

இந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் ஜாஸில் இதே கதைதான். கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டின் பாம் கிரெய்னும், கிறிஸ் பெரியோடு பம்பாயில் பாடிய கோவாவின் லோர்னாவும் தங்கள் ஊர்க்காரர்களின் நினைவில் வாழ்கிறார்கள். சாக்ஸஃபோன்காரர் ஆர்னெட் கோல்மனின் 1972 இசைத்தட்டில் இரண்டு பாடல்கள் பாடிய ஆஷா புத்லிக்குப் பின்னாளில் புதிய ரசிகர்கள் கிடைத்தார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா இன்று உலக மேடைகளில் தமிழும் ஜாஸுமாகப் பாடுகிறார். அறுபது வருஷத்துக்கு முன்பே இந்தக் கடல்பக்கத்திலிருந்து ஒருத்தி அங்கே போய் நின்றாள் என்பதை கானவ்யாவைக் கேட்கும் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

நான் ஒருவருக்குச் சொன்னேன். தருவைகுளத்தில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அவர். இளவயதில் திருவிழா பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதியவர். நியூபோர்ட் பதிவைப் போனில் போட்டு அவர் காதருகே பிடித்தேன். ஆங்கிலம் புரியவில்லை, கை மட்டும் வலையிலேயே நின்றுவிட்டது.

“ஊதுதவனுக்காவது நடுவுல மூச்செடுக்க எடமிருக்கும் தம்பி. இந்தப் புள்ள எங்க எடுக்கா?”

இன்னொரு தடவை போடச் சொன்னார். பாவனின் குரல் மேலேறும்போது அவருடைய மூன்று விரல்கள் முழங்காலில் ஒவ்வொன்றாக அழுந்தி எழுந்தன.