இறந்தவனும் இருப்பவனும் ஒரே தொண்டையில்

மண்ணுக்குள் கிடக்கும் உழவன் ஒருவன் கேட்கிறான்: நான் ஓட்டிய குதிரைகள் இன்னும் ஏர் இழுக்கின்றனவா? ஆற்றோரம் பையன்கள் பந்து விளையாடுகிறார்களா? என் காதலி அழுது ஓய்ந்தாளா? உயிரோடிருக்கும் நண்பன் ஒவ்வொன்றுக்கும் சளைக்காமல் பதில் சொல்கிறான். கடைசிக் கேள்வி அவனைப் பற்றியே. அவன் சுகமாகத்தான் தூங்குகிறான். இறந்துபோன ஒருவனின் காதலியைத் தேற்றிக்கொண்டிருக்கிறான். அது யார் காதலி என்று மட்டும் கேட்கக்கூடாது!

ஏ. இ. ஹவுஸ்மன் 1896இல் வெளியிட்ட 'எ ஷ்ராப்ஷயர் லாட்' தொகுப்பிலுள்ள கவிதை இது. அத்தொகுப்பிலிருந்து ஆறு கவிதைகளுக்கு ஜார்ஜ் பட்டர்வொர்த் இசையமைத்தார். பாரிட்டோன் குரலுக்கும் பியானோவுக்குமாக 1911இல் அச்சான அந்த வரிசையில் இதுவே கடைசிப் பாடல்.

இதே கவிதையை 1909இல் வாகன் வில்லியம்ஸ் டெனர் குரல், பியானோ, நால்வர் தந்திக் குழு என்று விரிவாக அமைத்திருந்தார். அதில் நண்பன் பாடும்போது பியானோ படபடக்கிறது, இறுதியில் குரல் அலறலைத் தொடுகிறது. நாடகம் பிரமாதம், குற்றவாளி யாரென்று முதல் பதிலிலேயே தெரிந்துவிடுவதுதான் குறை.

பட்டர்வொர்த் அவசரப்படவில்லை. ஆவியின் கேள்விகளுக்கு, பியானோவின் மேல் ஸ்தாயியிலிருந்து மிக மெல்ல இறங்கிவரும் சில ஸ்வரக்கூட்டுகள், அவ்வளவுதான். தாளக்கட்டும் தளர்ந்தே இருக்கிறது. நண்பன் வாய் திறந்ததும் ஒலி கனத்துக் கீழிறங்குகிறது, நடை சற்று விரைகிறது. இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. மெட்டு பழகிவிட்டதால் கேட்பவர் அசந்திருக்கும் நேரத்தில்தான் கடைசிப் பதில் வருகிறது. அதன் முடிவில் நண்பனின் துணிச்சல் வடிய, பியானோ ஆவியின் ஸ்வரக்கூட்டுகளுக்கே திரும்பிவிடுகிறது. அதுவரை நலம் சொன்னவனின் பேச்சு முழுவதையும் அந்த ஒரு திருப்பம் சந்தேகத்துக்குள்ளாக்குகிறது.

பாடகருக்கு இது கடும் சோதனை. வேடமில்லை, மேடையசைவில்லை; ஒரே தொண்டையில் இருவர் வேண்டும். மால்கம் மார்ட்டினோவின் பியானோவோடு பிரின் டெர்ஃபல் 1995இல் வெளியிட்ட ஒலிப்பதிவில், அவ்வளவு பெரிய ஓபரா குரல் ஆவிக்காக நூலாக இளைப்பதைக் கேட்கலாம்.

பட்டர்வொர்த் 1916 ஆகஸ்ட் 5 அன்று சோம் போர்க்களத்தில் 31 வயதில் கொல்லப்பட்டார். அதனால் இப்பாடலைப் போரின் முன்னறிவிப்பாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் எழுதியபோது போர் வந்திருக்கவில்லை. இதில் இறந்தவன் சிப்பாயும் அல்ல, ஏரோட்டி. அவனை உறுத்துவது பீரங்கியல்ல, நண்பனின் படுக்கை.

வாகன் வில்லியம்ஸ் பந்து விளையாட்டைப் பற்றிய இரண்டு பத்திகளை வெட்டிவிட்டார் என்று ஹவுஸ்மன் கொதித்தார். அவருடைய இசையில் இரண்டு தாள அளவுகளைத் தான் வெட்டினால் அவருக்கு எப்படியிருக்கும் என்று கேட்டார். அந்த வரிகளை மறக்கடித்ததற்குக் கவிஞர் நன்றி சொல்லவேண்டும் என்பது வாகன் வில்லியம்ஸின் கட்சி. பட்டர்வொர்த் எட்டுப் பத்திகளையும் அப்படியே வைத்துக்கொண்டார். பந்தும் கோல்காப்பாளனும் அவர் பாட்டில் பத்திரமாக இருக்கிறார்கள்.