சுற்றி முடித்த தீவு

நடப்பவருக்குக் கிடைக்கும் நெருக்கமும் சக்கரத்துக்கு உள்ள வீச்சும் ஒருசேர வாய்ப்பது கிராவல் சைக்கிளில்தான் என்ற வாதம் இப்போது மத்தியதரைக் கடற்கரை முழுக்கக் கேட்கிறது. காரில் போனால் கரை கண்ணில் படாது, நடந்து போனால் நாலைந்து குடாக்களைத் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், தடித்த டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட இந்த வண்டியில் மட்டுமே ஒரு கரையை அதன் முழு நீளத்துக்கும் அறிந்துகொள்ள முடியும் என்கிறார்கள். ஸ்பெயினின் ஜிரோனாவில் தங்கி, பார்சிலோனாவில் கப்பலேறி, மெனோர்காத் தீவைச் சுற்றிவிட்டு மயோர்காவுக்குக் கடல் தாண்டும் பயணங்கள் இந்த வாதத்தை வைத்தே விற்கப்படுகின்றன. இதில் ஒரு பகுதி உண்மை. மற்றொரு பகுதியை மெனோர்காவின் கடற்கரைப் பாதையே பொய்யாக்குகிறது.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தார்ச்சாலை சைக்கிளோட்டிகளைக் கொல்கிறது. 2017இல் மிக்கேலே ஸ்கார்போனி, 2022இல் டாவிடே ரெபெல்லின் என்று இத்தாலியின் பெயர்பெற்ற இரண்டு வீரர்கள் பயிற்சிக்குப் போன சாலையிலேயே வாகனம் மோதி இறந்தார்கள். மண்பாதைக்கு இறங்கியவர்களை யாரும் குறைசொல்ல முடியாது. கோடைக் கூட்டம் இல்லாத வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் விடுதிகளைத் திறந்து வைத்திருப்பதில் இவர்களுக்கும் பங்கு உண்டு. 2019இல் தொடங்கிய டிராக்கா கிராவல் பந்தயத்துக்காக ஜிரோனாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள்.

இந்த வண்டிக்கென்றே அமைந்தவை போன்ற தடங்களும் அங்கே இருக்கின்றன. ஜிரோனாவிலிருந்து ஓலோட் மலையூருக்கும் சான் ஃபெலியு தெ கிஷோல்ஸ் துறைமுகத்துக்கும் ஓடிய சிறு ரயில்கள் 1969இல் நின்றன. தண்டவாளம் பெயர்த்த வழிகள் இன்று சைக்கிள் தடங்கள். கரி எஞ்சின் ஏறுமளவுக்குத்தான் அவற்றில் ஏற்றம் இருக்கும், திருப்பங்கள் அகலமானவை. அட்ரியாட்டிக் பக்கம் ட்ரியெஸ்ட்டிலிருந்து பொரெச் வரை 1902 முதல் 1935 வரை ஓடிய பாரென்சானா ரயில்வழியும் அப்படித்தான். சக்கரத்துக்காகவே வெட்டிய வழிகளில் சக்கரம் ஓடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

என் மறுப்பு, பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் மறுப்பு, கடலோரக் காவல்பாதைகளைப் பற்றியது. ஜிரோனாவை அடுத்த கோஸ்தா பிராவா கடற்கரையின் பாறை விளிம்பில் போகும் கமி தெ ரோண்டா, கடத்தல்காரர்களைத் தேடிக் காவலர்கள் இரவும் பகலும் நடந்த வழி. மெனோர்காவின் கமி தெ கவால்ஸ், அதாவது குதிரைப் பாதை, அதைவிடப் பழையது. 14ஆம் நூற்றாண்டில் மயோர்கா மன்னன் இரண்டாம் ஜாவுமே காலத்திலேயே, தீவைக் காக்கக் குதிரையும் ஆயுதமும் வைத்திருக்கும் கடமை நிலம் பெற்றவர்கள்மேல் இருந்தது. அந்தக் குதிரைகள் கரையோரம் ரோந்து போன வழியே இது. காவல்கோபுரங்களையும் பின்னாளில் பீரங்கிமேடைகளையும் அது இணைத்தது. ஃபோர்னெல்ஸ் குடாவின் வாயில், அப்போது தீவை ஆண்ட பிரிட்டிஷார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோபுரம் இன்றும் நிற்கிறது.

அந்தக் காவல் எவ்வளவு தேவைப்பட்டது என்பதைத் தீவு இரண்டு முறை அனுபவித்தது. 1535இல் துருக்கியக் கடற்படைத் தலைவன் பார்பரோசாவின் கப்பல்கள் மாவோ நகரைச் சூறையாடின. 1558இல் துருக்கியப் படை சியுத்தாதெய்யா நகரை முற்றுகையிட்டுத் தகர்த்து, பிடித்த மக்களை அடிமைகளாகக் கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுபோனது. அந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே மெனோர்கா மக்கள் நினைவு வைத்திருக்கிறார்கள்; ஜூலை 9 அன்று அதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில், அடிவானத்தில் ஒரு பாய் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகப் போட்ட பாதை இது. ஒவ்வொரு முனையிலும் அது கடலைப் பார்க்கத் திரும்புகிறது, மேடேறுகிறது, மறுபடி குடாவுக்குள் இறங்குகிறது. பார்ப்பதைத் தவிர அந்த வளைவு நெளிவுகளுக்கு வேறு காரணம் இல்லை.

இந்தப் பாதையில் கிராவல் சைக்கிளில் போகிறவர் எதைப் பார்க்கிறார்? முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூன்று நான்கு மீட்டர் நிலத்தை. இது அவருடைய குணக்குறை அல்ல, வண்டியின் அமைப்பு அப்படி. 40, 45 மில்லிமீட்டர் டயர், பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் இல்லாத முன்கவை, உடலை முன்னோக்கிக் குனியவைக்கும் ஹேண்டில்பார். பாதையிலோ படிக்கட்டு போன்ற சுண்ணாம்புப் பாறை, உருளும் கல், திடீரென்று ஆழமான மணல். கண்ணை ஒரு விநாடி கடல்பக்கம் திருப்பினால் விழ வேண்டியதுதான். நடப்பவரும் காலடியைப் பார்க்கத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். பார்க்கிறார். ஆனால் நிற்பதற்கு அவருக்கு எதுவும் செலவாவதில்லை. நின்றார், பார்த்தார், நடந்தார். சைக்கிளோட்டி ஏற்றத்தின் நடுவே நின்றால் மீண்டும் ஏறி மிதிப்பதற்குள் திணறிவிடுவார், அதனால் நிற்கமாட்டார். கண் கடலில் பட வேண்டிய இடமெல்லாம் இப்படி அவருக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கும் இடமாகிறது.

இதைவிடப் பெரிய கேடு முழுச்சுற்று ஆசை. பாதையின் நீளம் 185 கிலோமீட்டர். நடப்பவர்களுக்காக அதை 20 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சைக்கிளில் வருபவர்களுக்கு அது மூன்று நாளில், இரண்டு நாளில் மூட வேண்டிய ஒரு வட்டம். வட்டத்தை மூடுவதே குறிக்கோள் என்றானபின் வழியிலுள்ள ஒவ்வொன்றும் தாமதம் என்ற கணக்கில் விழுகிறது. தீவின் வடபாதி கருத்த, சிவந்த, மிகப் பழைய பாறை. ஃபவாரிட்ச் முனையில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி ஸ்லேட் பாளங்கள் கன்னங்கரேலென்று கிடக்கின்றன. துரமுந்தானா என்னும் வடகாற்று அங்கே மரங்களைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வளர்த்திருக்கிறது. தென்பாதி வெளிறிய சுண்ணாம்புக்கல். அதில் நீர் அறுத்த பள்ளத்தாக்குகள், கடலில் முடியும் இடத்தில் பைன் மரம் சூழ்ந்த சிறு குடாக்கள். ஒரே தீவு இரண்டு நிலமாகப் பிரிந்து கிடப்பதைக் கண்ணால் காண்பதுதான் மெனோர்காவை அறிவது. சுற்றி வந்தவர்கள் எழுதும் குறிப்புகளில் வடக்கு கடினம், தெற்கு எளிது என்று இருக்கிறது. அந்த இரண்டு சொல்லோடு ஒரு நிலவியல் வரலாறு முடிந்துபோகிறது. இதை அறிதல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மண்ணரிப்பைப் பற்றி நான் பேசவில்லை. டயர் பாதையை அழிக்கிறது என்பது நடப்பவர்கள் சொல்லும் வழக்கமான குற்றச்சாட்டு. நடப்பவர்களின் காலணியும் ஏறத்தாழ அதே அளவு கெடுக்கிறது. அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. வாயிற்கதவுகளில் அக்கறை உண்டு. காட்டு ஒலிவ மரத்தின் வளைந்த கழிகளைக் கொண்டு உள்ளூர்க் கைவினைஞர்கள் செய்யும் அந்தக் கதவுகள் பாதை நெடுக இருக்கின்றன. இரண்டு பக்கமும் சாந்து வைக்காமல் அடுக்கிய கற்சுவர். அந்தக் கலையை ஸ்பெயினும் வேறு ஏழு நாடுகளும் சேர்ந்து 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. சுவருக்குள் மேய்வது மாவோ பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் மாடுகள். கதவைத் திறந்தவர் மூடிவிட்டுப் போக வேண்டும். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நில உரிமையாளர்கள் பல இடங்களில் இந்தப் பாதையை அடைத்துவிட்டார்கள். மக்கள் தெருவில் இறங்கிக் கேட்டு, மெனோர்கா அடங்கிய பலேயாரிக் தீவுகளின் நாடாளுமன்றம் 2000இல் சட்டம் இயற்றி, 2010இல்தான் முழுப்பாதையும் திறந்தது. அப்படிக் கிடைத்த உரிமை தனியார் நிலத்தின் வழியே, அடுத்தவர் மாட்டுக்கு நடுவே போகும் உரிமை. கதவருகே நிற்பது அந்த உரிமைக்குத் தரவேண்டிய மரியாதை. வட்டத்தை மூட விரைபவருக்கு ஒவ்வொரு கதவும் இறங்கி, திறந்து, வண்டியைத் தள்ளி, மூடி, மறுபடி ஏறும் தொல்லை. தொல்லையாகத் தோன்றும் மரியாதை அதிக நாள் நிலைக்காது.

எப்படிப் பயணம் செய்வது என்பது அவரவர் விருப்பம் என்பார்கள். விருப்பம்தான். ஓட்டி வியர்ப்பதே இன்பம் என்று சொல்லிவிட்டுச் சுற்றினால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. கரையை அறியச் சிறந்த வழி என்று உரிமை கொண்டாடும்போதுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த உரிமைகோரல் அந்தரங்கமானதும் அல்ல. பாதையை அது மாற்றத் தொடங்கிவிட்டது. ஓட்ட முடிகிறதா என்பதை வைத்தே கட்டங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய கற்சரிவு அந்தக் கணக்கில் பழுது. எழுநூறு ஆண்டுக்குமுன் குதிரை எப்படி இறங்கியது என்பதற்கு மிச்சமிருக்கும் சான்று அந்தச் சரிவுதான். பாதையைவிட வண்டியை முக்கியமாக்கும் மதிப்பீடு இது. நான் இதை முழுமையாக நிராகரிக்கிறேன்.

மெனோர்காவில் சக்கரத்துக்கென்று போட்ட வழி இல்லாமலில்லை. பிரிட்டிஷ் ஆளுநர் ரிச்சர்ட் கேன் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவோவையும் சியுத்தாதெய்யாவையும் இணைத்து உள்நாட்டில் போட்ட சாலையில் எஞ்சிய பகுதி, கற்சுவர்களுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே வண்டிகள் அதிகம் ஓடாத வழியாக இன்றும் இருக்கிறது. சைக்கிளை அதில் ஓட்டலாம். அதிலிருந்து கரைக்குப் பிரியும் வழிகளில் இறங்கி, வண்டியைப் பூட்டிவிட்டு, ஒரு கட்டம் மட்டும் நடக்கலாம். எஸ் கிராவ் ஊரின் சதுப்பு ஏரியில் தொடங்கி ஃபவாரிட்சின் கரும்பாறையில் முடியும் இரண்டாம் கட்டம் ஒன்பது கிலோமீட்டருக்கும் குறைவு. நீர்ப்பறவை, மணல்மேடு, காவல்கோபுரம், பாறையின் நிறமாற்றம் எல்லாம் அந்தத் தூரத்துக்குள் இருக்கின்றன. ஒரு முழு நாள் அதற்குப் போதாது. மாவோவில் தொடங்கும் சைக்கிள் திட்டங்களில் அது முதல் நாள் காலையிலேயே கடந்துபோய்விடுகிறது.