ஆராய்ச்சி மணியும் மானின் பிணையும்: சமய இலக்கியங்களில் இயற்கை பற்றிய ஒரு மதிப்பீடு

சமயங்கள் இயற்கையை எவ்வாறு நோக்கின என்னும் வினா அண்மைத் தசாப்தங்களிலே பெரிதும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. லின் வைற் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' ஆய்வேட்டில் எழுதிய கட்டுரை இவ்விவாதத்திற்குக் கால்கோளிட்டதெனலாம். சூழல் நெருக்கடியின் வேர்களை மேலைக் கிறித்தவத்தின் மனிதமைய நோக்கிலே கண்ட அவர், அச்சமய மரபிலிருந்தே மாற்றினையும் தேடி, அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலாளரின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அதனை முறைப்படி பிரகடனஞ் செய்தார். இக்காலப்பகுதியில் ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் நூல்களினின்றும் தக்க பகுதிகளைத் திரட்டி, இயற்கையை நேசிப்பது தம் சமயமே என நிறுவ முற்பட்டனர். இம்முயற்சிகளின் நன்னோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், தேடுவோர்க்குத் தேடியவாறே மேற்கோள் கிடைக்குமாயின், அதனாற் பெறப்படும் முடிவு யாது? எனவே, சமயங்களை ஒப்பிடுமுன் அளவுகோலைத் தெளிந்துகொள்ளுதல் இன்றியமையாததாகும்.

தமிழிலக்கிய மாணவர் முதலிற் கைக்கொள்ளும் அளவுகோல் வருணனையே. காப்பியத்தின் நாட்டுச் சிறப்பையும் நகரச் சிறப்பையும் எடுத்துக்காட்டிப் புலவரின் இயற்கை ஈடுபாட்டை வியத்தல் வழக்கம். இவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமுடையது? உமறுப்புலவரின் சீறாப்புராணத்து நாட்டுப்படலத்திலே அரபு நாடு மழை பொழிந்து ஆறு பெருகி நெல் விளையும் மருதநிலமாகக் காட்சியளிக்கின்றது. வீரமாமுனிவரின் தேம்பாவணி யூதேய நாட்டை வயலும் வாவியும் மலிந்த தமிழ்நிலமாகவே புனைகின்றது. அந்நாடுகளை அயன்மையின்றித் தமிழர்க்கு உணர்த்துவதற்கு இஃது உதவிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால், பாலைமணலைப் பாலைமணலாகவே கண்டு நேசிப்பதற்குக் காப்பிய மரபு இடங்கொடுக்கவில்லை. சமயம் யாதாயினும் வருணனை ஒன்றே என்னும்போது, அவ்வருணனை கொண்டு சமயநோக்கினை அளத்தல் சாலாது. அது புலமை மரபினை உணர்த்துமேயன்றிச் சமய உள்ளத்தினை உணர்த்தாது.

ஆகவே, வேறோர் அளவுகோலை நாம் முன்வைக்க விரும்புகின்றோம். இயற்கை அழகியது என்று கூறுமிடத்திலன்றி, மனிதனல்லாத ஓர் உயிர் மனிதனிடம் ஒன்றைக் கோருவதற்கு உரிமையுடையது என்று கூறுமிடத்திலேயே ஒரு சமயத்தின் உண்மையான நோக்கு வெளிப்படுகின்றது. அன்பு செலுத்துவோனின் விருப்பத்தைப் பொறுத்தது. மதிப்போ மற்றவரின் உரிமையை ஏற்பதிலே தங்கியுள்ளது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டமையே இத்துறையிற் பல மயக்கங்களுக்குக் காரணமாயிற்று.

பௌத்த காப்பியமாகிய மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையை இந்நோக்கில் மீள வாசித்தல் தகும். பெற்ற தாய் கைவிட்ட குழந்தைக்கு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. வளர்ந்தபின், வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவொன்றை அவன் இரவிலே அவிழ்த்துச் செல்கின்றான். பிடிபட்ட வேளையில் அவன் இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை, வழக்குரைக்கின்றான். பிறந்தது முதல் மக்களுக்குப் பால் தரும் உயிரின்மீது உமக்குள்ள பகை யாது என வினவுகின்றான். அவனது பிறப்பினை இழித்துரைத்தோர்க்கு, பசுவும் மானும் புலியும் நரியும் ஈன்ற முனிவரை எடுத்துக்காட்டி விடையிறுக்கின்றான். மனிதருக்கும் விலங்குக்கும் இடையிலான எல்லைக்கோடே இவ்விடத்திற் கேள்விக்குள்ளாகின்றது.

இதனினும் சிந்தனைக்குரியது ஆராய்ச்சி மணிக் கதையாகும். கன்றினைத் தேர்க்காலில் இழந்த பசு அரண்மனை மணியை அசைத்து முறையிட, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்னும் இக்கதையைச் சேக்கிழார் திருவாரூரின் சிறப்பாகப் பாடினார். பாளிமொழியிலமைந்த மகாவம்சமோ அநுராதபுரத்தில் ஆட்சிசெய்த எல்லாளன்மீது இதனை ஏற்றிக் கூறுகின்றது. குஞ்சினைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவை அதே மணியை அடித்து நீதி பெற்றதாகவும் அந்நூல் குறிப்பிடும். இரு வடிவங்களும் முடிவிலே வேறுபடுகின்றன. பெரியபுராணத்தில் இறைவன் தோன்றக் கன்றும் மைந்தனும் உயிர்த்தெழுகின்றனர். மகாவம்சத்தில் உயிர்த்தெழுதல் இல்லை. பசுவுக்கு வழங்கிய நீதியின் விலையை அரசன் முழுமையாகச் செலுத்துகின்றான். துட்டகைமுனுவைத் தன் நாயகனாகக் கொண்ட பௌத்த நூலொன்று, அவனுக்கு எதிரியாகிய பிறசமயத்து மன்னனின் இச்செயலை மறையாது போற்றியிருப்பது மனங்கொளத்தக்கது. விலங்குக்கு நீதி செய்தல் சமய எல்லைகளைக் கடந்த அறமாக ஏற்கப்பட்டமைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

சீறாப்புராணத்து மானுக்குப் பிணைநின்ற படலமும் இவ்வரிசையில் வைத்தெண்ணத்தக்கது. வேடனிடம் அகப்பட்ட மான், கன்றுக்குப் பாலூட்டி மீள்வதற்கு விடை வேண்டுகின்றது. நபிகள் நாயகம் அதற்குப் பிணை நிற்கின்றார். மான் சொன்னவாறே மீண்டு வருகின்றது. பிணை என்பது ஒப்பந்தஞ் செய்தற்குரியோரிடையே வழங்கும் சொல். சொல்லைக் காக்கும் ஆற்றல் மானுக்கு உண்டு என்னும் நம்பிக்கையே இக்கதையின் உயிர்நிலை. விலங்குகளும் பறவைகளும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் 6ஆம் அத்தியாயத்திற் காணுமிடத்து, இப்படலம் வெறும் அற்புதக் கதையன்று என்பது புலனாகும்.

கிறித்தவத்தைப் பொறுத்தவரை, தேம்பாவணியின் வருணனைகளிலன்றி விவிலியத்தின் சட்டப்பகுதிகளிலேயே இதற்கு நிகரானவற்றை நாம் காண்கின்றோம். ஆதியாகமத்தின் தொடக்கத்தில் மனிதனுக்கு அளிக்கப்படும் ஆளுகையையே லின் வைற் வற்புறுத்தினார். எனினும், அதே நூலின் 9ஆம் அதிகாரத்தில், பெருவெள்ளத்தின் பின்னர் இறைவன் செய்யும் உடன்படிக்கை நோவாவுடன் மட்டுமன்றி உயிருள்ள அனைத்துடனும் செய்யப்படுகின்றது. ஓய்வுநாளின் பயன் எருதுக்கும் கழுதைக்கும் உரியதென யாத்திராகமம் விதிக்கின்றது.

இவ்வாறு கூறுமிடத்து இரு தடைகள் எழுதல் கூடும். முதலாவது, இக்கதைகளில் விலங்கு சமயத்தின் பெருமைக்குச் சான்றாகவே நிற்கின்றது என்பது. ஆபுத்திரனின் பசு வேள்வி மறுப்புக்கும், திருவாரூர்ப் பசு இறையருளை விளக்குதற்கும், மான் வேடனின் மனமாற்றத்திற்கும் பயன்படுகின்றன. இஃது உண்மையே. ஆயினும், ஒரு சமயம் தன் பெருமையை நிலைநாட்டுதற்கு விலங்குக்குச் செய்த நீதியைத் தெரிந்தெடுத்தது என்பதே அந்நீதிக்கு மக்களிடையே இருந்த மதிப்பைப் புலப்படுத்தும்.

இரண்டாவது தடை இதனினும் வலியது. பசுவும் மானும் தனியுயிர்கள். காடும் ஆறும் அத்தகையன அல்ல. ஓருயிர்க்கு இரங்கிய மரபே காட்டினை அழித்து நாடாக்கியதைப் புகழவும் செய்தது. கரிகாலன் காடழித்துக் குளந்தொட்டு வளம்பெருக்கிய செயல் பட்டினப்பாலையிற் பாராட்டப் பெறுகின்றது. காப்பியங்கள் போற்றும் மருதவளமும் காடு திருத்திப் பெற்றதே. விதிவிலக்காக நாம் சுட்டத்தக்கது அசோகனின் ஐந்தாம் தூண் கல்வெட்டு ஆகும். கொல்லலாகாத விலங்குகளைப் பட்டியலிடும் அது, காரணமின்றிக் காட்டுக்குத் தீயிடுதலையும் தடைசெய்கின்றது. உயிரிரக்கம் உயிர்களின் உறைவிடத்தையும் தழுவிய அரிய தருணம் அது.

இத்தடையை நாம் மறுக்க முனையவில்லை. ஜீவகாருண்யம் வேறு, இயற்கைக்குச் செய்யும் நீதி வேறு என்பதை ஏற்கின்றோம். 2017ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவுறுத்தும். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் தம் மூதாதையாகக் கருதும் வங்கனூயி ஆறு, அந்நாட்டுச் சட்டத்தால் உரிமைகளுடைய ஆளாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவின் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அத்தகைய நிலையை வழங்கிற்று. சில மாதங்களில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. கோடிக்கணக்கானோர் தாயென வழிபடும் ஆற்றுக்கு அவ்வுரிமை உடன் நிலைக்கவில்லை. வழிபாடும் உரிமையும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டா.

எச்சமயம் இயற்கையை அதிகம் நேசித்தது என்னும் வினா பயன்மிக்கதன்று என்பதே நாம் கண்ட முடிபு. ஒவ்வொரு சமயமும் மனிதனல்லாத உயிரின் முறையீட்டிற்குத் தன் இலக்கியத்தில் ஓரிடம் ஒதுக்கியுள்ளது. ஆனால், பசு மணியை அசைத்தது, அரசன் அதனை முன்னரே கட்டித் தூக்கியிருந்தமையாலன்றோ? காட்டிற்கும் ஆற்றிற்கும் அத்தகைய மணியை எச்சமயத்தார் கட்டுவர் என்பதே இனி எழவேண்டிய வினாவாகும். அதற்கான விடையை மேற்கோள்களிற் காணவியலாது. அச்சமயத்தாரின் செயலிலேயே காணவேண்டும்.